வெளியூர் அணியின் நீல றிமோட்

ஏழாம் வகுப்பில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் ரீவியில் கொழுவி விளையாடும் விளையாட்டுப் பெட்டி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், நானும் நிதுசனும். மிச்சம் முப்பத்தாறு பேரிடமும் பெட்டி கிடையாது. ஆனால் பெட்டிச் சண்டையை மூட்டியவர்கள், வளர்த்தவர்கள், இடைவேளையில் சேட்டுக் கொலரைப் பிடித்தவர்கள் எல்லாம் அந்த முப்பத்தாறு பேர்தான்.

என்னுடைய பெட்டி சுவிஸிலிருந்து சித்தி அனுப்பியது. நிதுசனுடையதை அவனுடைய மாமா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்திருந்தார். இரண்டும் வேறு வேறு கம்பனிகள் செய்தவை. கம்பனிகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தச் சண்டை உலகத்தில் இன்னும் ஓயவில்லை, இந்த வயதில் எனக்கு அது வேண்டாம். அப்போதும் நாங்கள் பெயர் சொல்லவில்லை, சுவிஸ் பெட்டி, பிரான்ஸ் பெட்டி என்றுதான் சொன்னோம். எங்கள் ஊரான கொக்குவிலில் ஒரு சாமானை யார் செய்தது என்று எவரும் கேட்பதில்லை, எந்த நாட்டிலிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள். அதன்படியே வகுப்பும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எங்கள் ஆட்கள் பிரான்ஸ் பெட்டியைத் தகரப்பேணி என்றார்கள். அவர்கள் எங்களுடையதைப் பாண் பெட்டி என்றார்கள். இரண்டு பெட்டியையும் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் இதற்காக ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் ஒரு பள்ளித் தவணை முழுக்க இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நானும் நிதுசனும் மட்டும் அப்படிப் பழித்துப் பேசிக்கொண்டதில்லை. பெட்டி வைத்திருப்பவனின் கஷ்டம் பெட்டி வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அவனுடைய பெட்டியில் மழையில் நனைந்த மைதானம் எங்களுடையதைவிட வடிவாகத் தெரியும் என்று நான் அவனிடம் தனியே ஒத்துக்கொண்டேன். என்னுடையதில் பந்தை உதைக்கும்போது கைக்குள் வரும் அதிர்வு தன்னுடையதில் இல்லை என்று அவனும் ஒத்துக்கொண்டான். இது வெளியே தெரிந்திருந்தால் எங்களை எங்கள் கட்சிகளே தள்ளிவைத்திருக்கும்.

இரண்டு பெட்டியிலும் இருந்த ஒரே விளையாட்டு உதைபந்தாட்டம். ஆகவே ஒரு ஆட்டம் என் வீட்டில், அடுத்தது அவன் வீட்டில் என்று இருபத்தொரு ஆட்டம் ஆடுவது என்று முடிவெடுத்தோம். அதற்கென்று ஒரு கொப்பி போட்டோம். முதல் பக்கத்தில் சட்டங்களை எழுதினோம். தோற்றவன் வென்றவனுக்குக் கைகொடுத்து "வடிவா விளையாடினாய்" என்று சொல்ல வேண்டும். மற்றவன் வீட்டில் இருக்கும்போது அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் ஆட்டம் ரத்து, யாருக்கும் தோல்வி இல்லை. ஆனால் யாராவது பிளக்கைக் கழற்றினால் அந்த வீட்டுக்காரன் தோற்றவன். கடைசிச் சட்டம் நிதுசன் கேட்டுச் சேர்த்தது. எங்கள் வகுப்பில் ஆட்களை நம்பலாம், ஆட்களின் கால்களை நம்ப முடியாது என்றான்.

இருபத்தொரு ஆட்டம் முடிந்ததும் தோற்றவன் வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று, மற்றவனின் பெட்டிதான் பெரிது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது எங்கள் யோசனை இல்லை, முப்பத்தாறு பேரும் சேர்ந்து விதித்தது.

முதல் ஆட்டம் எங்கள் வீட்டில். நிதுசன் படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு மணி அடித்தபோது அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஆற்றை பெடியன் உவன்?"

என் வகுப்பு என்றேன். அம்மாவுக்கு அது போதவில்லை. வீடு எங்கே, எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள், தகப்பன் என்ன செய்கிறார் என்று மூன்று கேள்வியை அடுத்தடுத்துக் கேட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. கோயிலின் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. தகப்பன் மேசன் வேலை. எதிரணியைப் பற்றி அம்மா இவ்வளவு கவனமாக விசாரிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"உள்ளுக்கை சரியான புழுக்கம். விறாந்தையிலை வைச்சு விளையாடுங்கோ" என்றார் அம்மா.

பழைய ரீவியையும் பெட்டியையும் அம்மாவே விறாந்தைக்குத் தூக்கி வந்து தந்தார். நிதுசனுக்கு இருக்க ஒரு மரவாங்கு போட்டார். பெட்டியோடு இரண்டு றிமோட் வந்திருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். பந்தை ஓட்டுவதற்குக் கையில் பிடிக்கிற சாமானை நாங்கள் றிமோட் என்றுதான் சொல்வோம். அன்று ஆட்டம் முடிந்து அவன் போன பிறகு, அம்மா நீல றிமோட்டை ஒரு சொப்பிங் பையில் போட்டு, விறாந்தைச் சுவரில் அப்பாவின் குடை தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் கொழுவினார்.

"இது அந்தப் பெடியனுக்கெண்டு இருக்கட்டும். உன்ரையைக் குடுக்காதை, என்ன?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெளிநாட்டுக் கழகங்களில் வருகிற அணிக்கென்று தனி அறை இருப்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்ரர் துண்டை வெட்டி றிமோட்டின் முதுகில் ஒட்டி, மார்க்கரால் 'வெளியூர் அணி' என்று என்னால் முடிந்த நல்ல எழுத்தில் எழுதினேன். அடுத்த முறை நிதுசன் வந்தபோது பையை நானே ஆணியிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் றிமோட்டைத் திருப்பி வாசித்தான். பிறகு ஆணியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எழுத்து வடிவாயிருக்கு" என்றான்.

அவன் வீட்டில் நடந்த மரியாதை இன்னும் பெரிது. அங்கே நான் நடு அறைக்குள் போனேன், அவர்களிடம் இருந்த ஒரே குஷன் கதிரையில் இருந்தேன். நிதுசனின் அம்மா "வாங்கோ தம்பி, இருங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் ஆடி முடிக்கும்வரை கதவடியில் நின்றார். தான் இருக்கவே இல்லை. பிறகு கடைக்கு ஆள் அனுப்பி ஒரு போத்தல் சோடா வாங்குவித்து, மூடியை என் கண் முன்னாலேயே திறந்து, கிளாஸில் ஊற்றாமல் போத்தலோடு நீட்டினார். நிதுசன் பானைத் தண்ணீரைக் குடித்தான். எதிரணித் தலைவனுக்குச் சோடா, சொந்த அணித் தலைவனுக்குத் தண்ணீர். இப்படியான நாகரிகம் எங்கள் வீட்டில்கூட இல்லை என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"போத்தலோடையோ தந்தவ? கிளாசிலை ஊத்தேல்லையே?"

"இல்லை. போத்தலோடை."

"அது விளக்கமான மனிசி" என்று சொல்லி அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

அம்மா ஒருவரை அப்படிப் புகழ்வது அபூர்வம். இதை நான் அடுத்த நாளே நிதுசனிடம் சொன்னேன். உன் அம்மா விளக்கமான மனிசி என்று என் அம்மா சொன்னவ, போத்தலோடு சோடா தந்ததற்காக, என்று விவரமாகச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அவன் கணக்குக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நிமிராமல் "ஓம்" என்றான்.

இருபது ஆட்டம் முடிந்தபோது ஆளுக்குப் பத்து வெற்றி. கடைசி ஆட்டத்துக்கு மட்டும் முறை பார்க்காமல், யார் வீட்டில் என்று நாணயம் சுண்டினோம். எங்கள் வீடு வந்தது. மாரிகாலம். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தார்கள். வர இருட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் விறாந்தையில் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மழை சரிவாக அடிக்கத் தொடங்கியது. வாங்கு நனைந்தது. சுவரில் தொங்கிய வெறும் பையும் நிதுசன் கையில் இருந்த நீல றிமோட்டும் நனைந்தன. ரீவியில் தண்ணீர் பட்டால் அது அத்தோடு முடிந்தது. நான் எல்லாவற்றையும் ஹோலுக்குள் இழுத்தேன்.

நிதுசன் வாசலில் நின்றான். தலையால் தண்ணீர் வழிந்தது.

"மழை விடட்டும். பேந்து விளையாடுவம்."

"உள்ளுக்கை வாடா."

"வேண்டாமடா. நான் இஞ்சையே நிக்கிறன்."

"மழை வந்தால் மைதானம் மாத்தலாம். சட்டத்திலை அப்பிடிக் கூடாது எண்டு ஒண்டும் இல்லையே?"

அவன் சிரித்தான். ஆனாலும் வரவில்லை. தோற்கப் பயந்து சாட்டுச் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். அவனுடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவன் செருப்பைக் கழற்றி, காலைச் சாக்கில் இரண்டு தரம் துடைத்து, உள்ளே வந்தான். ஐந்து கதிரை கிடக்கச் சீமெந்துத் தரையில் இருந்தான். நீல றிமோட் வேலை செய்யவில்லை. என்னுடைய வெள்ளையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, சித்தி பிறகு அனுப்பிய மூன்றாவதை அலுமாரியிலிருந்து எடுத்தேன். அம்மா சொன்னது நினைவில் வந்ததுதான். ஆனால் கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு மோசமான றிமோட்டைக் கொடுத்து வெல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அவ்வளவு நல்ல ஆட்டத்தை நாங்கள் அதற்கு முன் ஆடியதில்லை. அரைவாசியில் இரண்டுக்கு இரண்டு. பிறகு அவன் ஒரு பந்தை மூலையிலிருந்து வளைத்து அடித்தான், நான் எதிரி என்பதை மறந்து "ஐயோ!" என்று கைதட்டினேன். மூன்றுக்கு இரண்டு. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. அப்போதுதான் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மழையினால் அவர்கள் நேரத்தோடு திரும்பிவிட்டார்கள்.

அப்பா கந்தோரில் மேசை வேலை செய்தவர். ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், எனக்கு ஒரு தரம்கூட அடிக்காதவர். ஹெல்மெற்றைக் கழற்றியபடி உள்ளே வந்து நின்றார். தரையில் இருந்த நிதுசனைப் பார்த்தார். அவன் கையில் இருந்த வெள்ளை றிமோட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார், சாறியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிதுசன் எழும்பிவிட்டான். அப்பா சுவரடிக்குப் போய், சுவிச்சை அமத்தி, பிளக்கைக் கழற்றி, வயரை அழகாகச் சுற்றிப் பெட்டிக்கு மேலே வைத்தார்.

"தம்பி, மழை விட்டிட்டுது. வீட்டை தேடுவினம். வெளிக்கிடும்."

மழை விட்டிருக்கவில்லை. ஓட்டில் விழும் சத்தத்தில் அப்பா சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நிதுசன் குனிந்து றிமோட்டை இரண்டு கையாலும் தரையில் வைத்தான். "போட்டு வாறன் அங்கிள்" என்றான். அப்பா யன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். அம்மா படியில் அவனுக்கு வழிவிட்டு நன்றாக ஒதுங்கி நின்றார். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான்.

"இன்னும் ரெண்டு நிமிசந்தானே அப்பா!" என்று நான் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சோதினை வருது. போய்ப் படி" என்றார் அப்பா.

அடுத்த நாள் காலையில் அம்மா ஹோலைக் கழுவினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மழைச் சேறு என்று நினைத்தேன். கிணற்றடிக்குப் போனால், கிணற்றுக்கட்டில் கழுவிய செம்புகளோடு என் வெள்ளை றிமோட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பொத்தான்களின் இடுக்கெல்லாம் மஞ்சள். தூக்கிக் குலுக்கினேன், உள்ளே தண்ணீர் ஆடியது. அது பிறகு ஒருபோதும் வேலை செய்யவில்லை. ஏனம்மா என்று கேட்டேன். "வேர்வைக் கை பட்டது. அதுதான் கழுவினனான்" என்றார்.

பன்னிரண்டு வயதில் என் மூளை வேலை செய்த விதத்தை நினைக்க இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அன்று நான் கண்டுபிடித்தது இதுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் உள்ளூரச் சுவிஸ் கட்சி. அப்பாவால் நாங்கள் தோற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, பிளக்கைக் கழற்றிவிட்டார். எங்கள் றிமோட்டாலேயே எங்களை வென்றுவிட்டானே என்று அம்மாவுக்கு ஆற்றாமை, தோல்வியின் தோஷத்தைக் கழுவினார். அவர்களுக்காக நான் வெட்கப்பட்டேன். கொஞ்சம் சந்தோசமும் பட்டேன், பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்க எங்களுக்காகக் காத்திருந்தது. சட்டப்படி பிளக்கைக் கழற்றிய வீடு தோற்ற வீடு. ஞாயிறு முழுவதும் நான் என்னைத் தயார்படுத்தியிருந்தேன். எழுந்து நின்று, பிரான்ஸ் பெட்டிதான் பெரிது என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். நான் வாயைத் திறக்க முதல் நிதுசன் எழும்பினான்.

"கரண்ட் போட்டுது. ஆட்டம் ரத்து" என்றான்.

என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நான் கைதட்டினேன். சுவிஸ் கட்சி முழுக்க என்னோடு சேர்ந்து தட்டியது. அவன் என்னிடம் கொப்பியை வாங்கி, இருபத்தொன்றாவது வரியில் தன் கையாலேயே 'கரண்ட் போட்டுது' என்று எழுதினான்.

இடைவேளையில் தண்ணீர்ப் பைப்படியில் அவனைப் பிடித்தேன்.

"ஏன்ரா பொய் சொன்னனி? அப்பாதானே கழட்டினவர். நீதானே வெண்டனி."

"விடு."

"எங்கடை வீட்டிலை எல்லாரும் சரியான பெட்டி விசர். தோக்கிறதைத் தாங்கேலாது. அதுதான்ரா."

அவன் பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவினான். நெடுநேரம் கழுவினான்.

"ஓம்" என்றான். "அதுதான்."

மறு ஆட்டம் எப்போது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டி பழுதாகிவிட்டது என்றான். ஒரு நாள் சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா "வாங்கோ தம்பி" என்றார், கடைக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். நிதுசன் வாசலுக்கு வந்து, பெட்டி திருத்தக் கொடுத்திருக்கிறது என்று சொன்னான். அவனுடைய தோளுக்கு மேலால் எனக்கு அறை தெரிந்தது. பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தனியாகப் பயிற்சி எடுக்கிறான், என்னை நெருங்க விடமாட்டான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். எட்டாம் வகுப்பில் அவன் வேறு பிரிவுக்குப் போனான். கண்டால் தலையாட்டுவான். ஒரு நாளும் என் பெட்டியைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். தரகர் வந்து விறாந்தையில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அம்மா மூன்று கேள்வி கேட்டார். வீடு எங்கே, எந்தக் கோயில், தகப்பன் என்ன செய்கிறார். அதே கேள்விகள், அதே ஒழுங்கு. தரகர் கோயிலின் பெயரைச் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். என் தலைக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி. ஒன்றில் அப்பாவின் குடை, மற்றதில் ஒன்றுமில்லை. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் எவரும் சொல்லவில்லை. நான் அங்கே நிற்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அப்பா கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் இப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார், என் பிள்ளைக்குச் சைக்கிள் ஓடப் பழக்குகிறார். ஒரு தரம் நான் அந்த மழையைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அந்த ஆட்டம் நினைவில்லை. ஆளுடைய பெயரையும் அவர் அன்று கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

நிதுசன் இப்போது பிரான்ஸில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டு எழுத ஓரிரு தரம் தொடங்கி அழித்திருக்கிறேன். எதற்கு மன்னிப்பு என்று தொடங்குவது? அந்த பிளாஸ்ரர் துண்டில் எழுதியது நான். சோடாப் போத்தல் கதையைக் கொண்டுபோய்ச் சொன்னதும் நான். அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்ததும் நான்தான். ஒரு சட்டமும் மீறாமல், முழு மரியாதையோடு இவ்வளவும் செய்திருக்கிறேன்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. 'கரண்ட் போட்டுது' என்ற அந்த வரியை வெகுகாலம் நான் என் பெட்டியின் மானத்தைக் காப்பாற்ற அவன் சொன்ன பொய் என்று நினைத்திருந்தேன். பிளக்கைக் கழற்றியது யார் என்று அவன் அன்று வகுப்பில் சொல்லியிருந்தால், ஏன் கழற்றினார் என்று ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தவனுக்கும் இந்தப் பக்கத்தவனுக்கும், சுவிஸ் கட்சிக்கும் பிரான்ஸ் கட்சிக்கும், முப்பத்தாறு பேருக்கும் அந்த நிமிடமே விளங்கியிருக்கும். அதை அவர்கள் முன்னால் நின்று அவன் தாங்க வேண்டியிருந்திருக்கும். அந்த வகுப்பில் விளங்காமல் இருந்தவன் நான் ஒருவன். முதல் ஆளாகக் கைதட்டியவனும் நான்தான்.